மீனை விட்டால்தான் ஒறுத்தல் என்றார் அம்மா

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நாம் கத்தோலிக்கர்கள் இருக்கும் ஒருசந்தியை, அதாவது ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு சாப்பிடும் நோன்பைப் பற்றி இங்கே எல்லாரும் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லத் தோன்றியது.

எங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் போனவர். அம்மாவுக்கு இப்போது 85 வயது. கோயில் வழிபாடான திருப்பலியை இன்னும் பூசை என்றுதான் சொல்வார். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறுவதை ஒப்புரவு என்றால் விளங்காது, பாவசங்கீர்த்தனம் என்றால்தான் விளங்கும். 8 வயதில் புதுநன்மை, அதாவது பூசையில் தரும் நற்கருணையை முதல் முறையாக, வாங்கியவர். அந்தக் காலத்தில் நன்மை வாங்க வேண்டுமென்றால் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. ஒரு ஞாயிறு பல் தேய்க்கும்போது ஒரு வாய் தண்ணீர் உள்ளே போய்விட்டதாம். நன்மை வாங்கப் போகாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுததை இன்றைக்கும் சொல்வார். 1964-லிருந்து 1 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும். என் மகள் டீ குடித்துவிட்டு, மணி பார்த்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்புவாள்.

மகளுக்குச் சென்னையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் தவக்காலத்தில் ஊருக்கு வந்தவள், வெள்ளிக்கிழமை காலையில் சாளை வாங்கி வந்து குழம்பு வைத்துவிட்டாள். அம்மா அந்தச் சட்டி இருந்த பக்கமே திரும்பவில்லை. மகள் ஃபோனை எடுத்து 1983 திருச்சபைச் சட்டத்தை வாசித்துக் காட்டினாள். வெள்ளிக்கிழமை விட வேண்டியது மாமிசம்தான், மீன் அதில் சேராது. இப்படி மாமிசம் விடும் சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. ஒருசந்தி 18 முதல் 59 வயது முடியும் வரைக்கும்தான். அதுவும் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன், பெரிய வெள்ளி இரண்டு நாள் மட்டும்; 1966-லேயே திருத்தந்தை ஆறாம் பவுல் அப்படிக் குறைத்துவிட்டார். அவள் வாசித்தது எல்லாம் சரிதான்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். அப்புறம் சொன்னார்: "ஏட்டி, கறி நாம வருஷத்துல நாலு நாள் திம்போமா? அத விடுறது என்ன ஒறுத்தல்? தினம் திங்கிற மீன விடணும், அதான் ஒறுத்தல்."

இந்தப் பதிலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஐம்பது வருஷமாக வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதும் இல்லை. அம்மா சமைக்கவில்லை, நாங்கள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். சட்டத்தைத் தேடிப் படித்த மகளாவது கேள்வி கேட்டாள். எங்கள் தலைமுறை அதைக்கூடச் செய்யவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் வைராக்கியத்தை மட்டும் பார்த்து மகிழவும் முடியாது. அதே வருஷம் பெரிய வெள்ளியன்று சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல், இயேசுவின் பாடுகளை ஒவ்வொரு ஸ்தலமாக நின்று ஜெபிக்கும் சிலுவைப்பாதைக்கு வந்தார். ஏழாம் ஸ்தலத்தில் முழங்கால் போட்டவரால் எழ முடியவில்லை. சேலை முழுக்க வியர்வை, கை ஜில்லென்றிருந்தது. யாரோ ஒரு பிள்ளை கொடுத்த மிட்டாயை வாயில் வைத்த பிறகுதான் கண் திறந்தார். பங்குச் சாமி வீட்டுக்கே வந்து, "சாப்பிடுறதுதான் இனி உங்க கீழ்ப்படிதல், பாட்டி" என்றார். இப்போது சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் உப்பில்லாத கஞ்சி.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா பேத்தியைக் கூப்பிட்டால் ஃபோன் அணைந்திருக்கிறது. பத்து தடவை போட்டிருப்பார். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று தூங்காமல் ஜெபமாலை உருட்டினார். காலையில் அவளே பேசினாள். தவக்காலம் முழுக்க வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபோனை அணைத்துவிடுகிறாளாம்.

"கஷ்டமா இருந்துச்சா?" என்று கேட்டார் அம்மா.

"ரொம்ப, ஆச்சி."

"அப்ப சரி. அடுத்த வாரம் சொல்லிட்டு அணை."

அம்மாவின் இன்னொரு வழக்கம் பிடி அரிசி. தவக்காலத்தில் தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பெரிய வெள்ளி மதியம் கோயில் வாசலில் ஊற்றும் கஞ்சிக்கு அது போகும். இப்போது அவர் கை நடுங்கி அரிசி கீழே சிந்துகிறது. இந்தத் தடவை மகள் சென்னை அறையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்துக் கொண்டுவந்து அந்தப் பானையில் கொட்டினாள். அம்மா பானைக்குள் கைவிட்டு அளந்து பார்த்தார்.

பிடி அரிசி வழக்கம் இன்னும் யார் வீட்டிலாவது உண்டா? இருந்தால் எழுதுங்கள், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.