அப்பாவின் காலை விடாமல் நக்கும் எங்கள் சிப்பிப்பாறை

கரிசல்மண் கேட்கிறார்:

எங்கள் வீட்டு நாய் சிப்பிப்பாறை இனம். பெயர் வீரன், மூன்று வயது. அப்பா பருத்திக் காட்டிலிருந்து வந்து திண்ணையில் உட்கார வேண்டியதுதான், எங்கிருந்தாலும் பாய்ந்து வந்துவிடுவான். கணுக்காலில் தொடங்கி விரலிடுக்கு வரை நக்குவான். அப்பா குனிந்தால் வாயருகே முகத்தைக் கொண்டுபோவான். என்னிடம் வந்தால் கையை இரண்டு முறை நக்குவதோடு சரி. வியர்வை உப்புக்காகத்தான் நக்குகிறான் என்பது அம்மாவின் கட்சி. அப்பாவிடம் கேட்டால், "வாயில்லாச் சீவன் பாசத்தை வேறெப்படிக் காட்டும்?" என்கிறார்.

காரணம் எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. அப்பாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய். இப்போது பெருவிரலுக்கு அடியில் ஒரு புண் வந்திருக்கிறது. வீரன் அதையும் நக்குகிறான். நாய் நக்கினால் புண் ஆறிவிடும் என்று சொல்லி அப்பா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது?

கொடியாடு எழுதுகிறார்:

உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தால் என் கையை ஆடுகளே நக்கும். குளித்துவிட்டு வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்பா கால் கழுவிவிட்டு உட்காரட்டும், பாதி நக்கல் குறைந்துவிடும்.

பழைய ஆய்வாளர் எழுதுகிறார்:

கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உப்பு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்புக்காக மட்டும் நக்கும் நாய், குனிந்தவரின் வாயைத் தேடிப் போகாது. நீங்கள் எழுதியதில் நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

குட்டி ஈன்ற தெருநாயைக் கவனித்துப் பாருங்கள். பிறந்த குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை சிறுநீர் கழிக்கக்கூட அதற்குத் தானாக வராது. தாய் அடிவயிற்றை நக்கித் தூண்டிவிட்டால்தான் போகும். அதாவது, உலகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குட்டிக்குத் தெரிந்த முதல் பராமரிப்பு தாயின் நாக்கு. குட்டி கொஞ்சம் வளர்ந்ததும், வெளியே போய் வந்த தாயின் வாயை அது நக்கும். தாயும் தின்றுவந்ததைக் கக்கிக் கொடுக்கும். ஓநாய்க் குட்டிகளும் இதையேதான் செய்கின்றன, வேட்டையிலிருந்து திரும்பும் பெரிய ஓநாய்களின் வாயை மொய்த்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு இரை கேட்கும் தேவை போய்விடுகிறது, பழக்கம் மட்டும் வரவேற்பாகவும் பணிவாகவும் தங்கிவிடுகிறது. காட்டுக்குப் போய்த் திரும்பும் உங்கள் அப்பாவை வீரன் அப்படித்தான் வரவேற்கிறான். அப்பா சொன்ன பாசம் பொய்யில்லை. அதை அவரிடம் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், அடுத்துச் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. நக்கும்போதெல்லாம் அப்பா தலையைத் தடவிக் கொடுத்திருப்பார், இரண்டு வார்த்தை பேசியிருப்பார். நக்கினால் கொஞ்சுவார் என்று நாய் கற்றுக்கொண்டுவிட்டது. கற்றதை மாற்றவும் முடியும். நக்கத் தொடங்கியதும் அப்பா காலை மடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அதட்ட வேண்டாம், அதட்டலும் நாய்க்கு ஒரு கவனிப்புதான். நக்காமல் பக்கத்தில் உட்கார்ந்த அந்த நொடியில் தடவிக் கொடுக்கட்டும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் நாய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஒருவர் தடுத்து இன்னொருவர் நீட்டினால் எந்தக் காலத்திலும் நிற்காது.

வார்டு அக்கா எழுதுகிறார்:

நான் செவிலியர். பாசத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார், நான் புண்ணைப் பற்றிச் சொல்கிறேன். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

நாயின் உமிழ்நீரில் சில கிருமிகளைக் கொல்லும் பொருட்கள் இருப்பது உண்மை. அதே உமிழ்நீரில் பாஸ்டூரெல்லா, காப்னோசைட்டோபாகா போன்ற பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. நல்ல தோலில் பட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோயாளியின் கால் அப்படியில்லை. ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், உணர்ச்சி மரத்திருக்கும், கிருமி உள்ளே இறங்கினாலும் வலி தெரியாது. விரலை எடுக்க வேண்டிய நிலையில் வந்த கால்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோய். கடித்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். உலக சுகாதார அமைப்பின் வகைப்பாட்டில், ரேபிஸ் சந்தேகத்துக்குரிய விலங்கு காயமில்லாத தோலை நக்குவது முதல் வகை, அதற்கு ஊசி தேவையில்லை. புண்ணை நக்குவதும், கண் வாய் போன்ற ஈரச் சவ்வில் உமிழ்நீர் படுவதும் மூன்றாம் வகை, ஆழமாகக் கடித்ததற்குச் சமம். தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டியிருக்கும். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கிருமி உமிழ்நீரில் வந்துவிடும் என்பதால், நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்றும் விட முடியாது. வீரனுக்கு இந்த ஆண்டு ஊசி போட்டீர்களா?

கரிசல்மண் எழுதுகிறார்:

குட்டியாக இருந்தபோது போட்டோம், அக்கா. அதற்குப் பிறகு போடவில்லை. தெருநாய்களோடு சேர்ந்து காட்டில் சுற்றுகிறவன். ஐயா எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். தாய் கக்கிக் கொடுக்கும் இடம் வந்ததும், "அதைத்தான் நானும் சொன்னேன்" என்றார். அக்கா எழுதியதை வாசித்ததும் காலை மடக்கிக்கொண்டார்.

வார்டு அக்கா எழுதுகிறார்:

அப்படியென்றால் நாளைக்குத் தள்ளிப்போட வேண்டாம். புண்ணைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். உடனே அப்பாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாய் நக்கியதையும், நாய்க்கு ஊசி விட்டுப்போனதையும், சர்க்கரை நோயையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். ஊசிக்கு அங்கே பணம் கேட்க மாட்டார்கள்.

பழைய ஆய்வாளர் எழுதுகிறார்:

வீரனைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். நக்கிய விவரத்தை அங்கேயும் சொல்லுங்கள், கண்காணிப்பும் ஊசியும் எப்படி என்று மருத்துவர் சொல்வார். பத்து நாட்களுக்குக் காட்டுக்கு விடாமல் வீட்டில் கட்டி வையுங்கள். தின்ன மறுத்தால், குரல் மாறினால், வாயில் எச்சில் ஒழுகினால், கிட்டே போகாமல் உடனே மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு ஆண்டுதோறும் ஊசி தவறக் கூடாது. அப்பாவின் புண் ஆறும்வரை கட்டுப் போட்டு மூடியே இருக்கட்டும்.