நடக்காத ‘இஃப்’புக்கு ஒரு சொல், திங்கள் காலைக்குள்

தொண்டி ஆசிரியர்:
ஐயா, வணக்கம். பத்தாம் வகுப்புக்கு ஆங்கில இலக்கணத் தாள் ஒன்றைத் தமிழ் விளக்கத்தோடு தயார் செய்கிறேன். திங்கள் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போகவேண்டும். ‘கச்சான் (தென்மேற்குக் காற்று) அடங்கினால் கடலுக்குப் போவேன்’ என்பது நடக்கக்கூடியது, நிபந்தனை வாக்கியம் என்று போட்டாயிற்று. நடக்காததை நினைத்துச் சொல்வதற்குத்தான் பெயர் இல்லை. ‘இஃப் ஐ ஹேட் விங்ஸ்’ என்று எழுதினேன். “ஹேட் இறந்தகாலம்தானே சார், முன்னாடி உங்களுக்கு றெக்கை இருந்துச்சா?” என்று ஒருவன் கேட்டுவிட்டான்.

கீழக்கரை:
அவனுக்குப் பதில் தமிழிலேயே இருக்கிறது. ‘நாளைக்கு வந்தால்’ என்கிறோமே, ‘வந்த்’ எந்தக் காலத்து அடி? நாளையைப் பேசும்போதும் இறந்தகால அடியில்தான் ‘ஆல்’ ஒட்டுகிறது. ‘செய்தால்’ என்பதற்குப் பழைய வடிவமான ‘செயின்’ வாய்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. ‘நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும்’ குறள் ‘விடின்’ என்றுதானே முடிகிறது? சரி, சொல்லுக்கு வருகிறேன். உலகில் இல்லாததை உவமையாக்கும் இல்பொருள் உவமை பிள்ளைகள் படித்ததுதான். ‘இல்பொருள் நிபந்தனை’ என்று வையுங்கள்.

ராமநாதபுரம்:
நிபந்தனை வடசொல். உள்ளே இருப்பது பந்தம், அதாவது கட்டு. கட்டுமரம், கட்டளை, கட்டுரை எல்லாம் அந்தக் கட்டில் பிறந்தவைதாம். கட்டுக்கு இன்னொரு பெயர் தளை. ஆகவே ‘இல்பொருள் தளை’.

கீழக்கரை:
யாப்பில் வெண்டளை, கலித்தளை படித்த பிள்ளை இங்கிலீஷ் தாளில் தளையைப் பார்த்தால் அசை பிரிக்க உட்கார்ந்துவிடும் ஐயா.

பாம்பன்:
இல்பொருள் என்றால் முயற்கொம்பு. றெக்கைக்குச் சரி. ‘1964 டிசம்பரில் அந்தப் புயல் அடிக்காமல் இருந்திருந்தால் தனுஷ்கோடிக்கு இன்றைக்கும் ரயில் போய்க்கொண்டிருக்கும்.’ புயல் அடிக்காமல் இருப்பது முயற்கொம்பா? அடிக்காமலும் போயிருக்கலாம், அடித்துவிட்டது. ‘நடவாநிலை’ என்றால் இரண்டுக்கும் பொருந்தும். அப்புறம், தொண்டியில் கச்சானுக்கு யார் பயப்படுகிறார்கள்? கச்சான் எங்கள் தென்கடலைத்தான், மன்னார் வளைகுடாவைத்தான், கெடுக்கும். அப்போது எங்கள் படகுகளே உங்கள் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வரும். உங்களுக்கு வாடைக்காற்றுதான்.

கீழக்கரை:
உங்கள் ரயில் வாக்கியம் கலப்பு வகை. முன்பாதி அன்று, பின்பாதி இன்று. பத்தாம் வகுப்புக்கு வேண்டாம். ஆனால் ‘நடவாநிலை’க்கு என் ஆட்சேபம் இல்லை. சோர்ந்துபோனேன்.

ராமநாதபுரம்:
நடவாநிலை என்றால் நடக்கமுடியாத நோயாளி என்று வாசிப்பார்கள்.

தொண்டி ஆசிரியர்:
ஞாயிறு இரவு மணி 11. ‘நடவாநிலை நிபந்தனை’ என்று போட்டுவிட்டேன், கச்சானையும் வாடையாக்கிவிட்டேன். றெக்கை வாக்கியம் அப்படியே இருக்கிறது. பையனுக்கு ‘நாளைக்கு வந்தால்’ சொல்லிப் பார்க்கிறேன்.

ராமநாதபுரம்:
என் மறுப்பு பதிவாகட்டும். அடுத்த தாளிலாவது தளையைப் பரிசீலியுங்கள்.