கூப்பர் பிளாக்கோடு சேர்கிற தமிழ் எழுத்துரு தெரியுமா?

நண்பர்களே, ஒரு முறுக்குக் கடை லேபிளில் ஆங்கிலப் பெயரை கூப்பர் பிளாக்கில் வைத்திருக்கிறேன். ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் சிகாகோவில் வெளிவந்த அந்தக் குண்டு எழுத்துதான், ஈஸிஜெட் விமானங்களில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சிக்கல் கீழே வரும் தமிழ்ப் பெயரில். பலூ தம்பி என்கிற தமிழ் எழுத்துருவைப் போட்டுப் பார்த்தேன், கனம் ஒத்துப்போகிறது, ஆனால் கோடு கிட்டத்தட்ட ஒரே தடிமன், கூப்பரின் தடித்து மெலிகிற வளைவும் மழுங்கிய செரிஃப் முனையும் (கோட்டின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கால்) இல்லாததால் இரண்டும் ஒட்டவே மாட்டேன் என்கின்றன. அப்படி வளைவுள்ள யூனிகோடு எழுத்துரு, வணிக உரிமத்தோடு, யாருக்காவது தெரியுமா? காசு கொடுத்தும் வாங்கலாம்.

அப்புறம், பழுப்புத் தாளில் ஸ்க்ரீன் பிரிண்ட் போட்டால் மை பரவி எழுத்துக்குள் இருக்கிற சின்ன இடைவெளிகள் அடைத்துக்கொள்கின்றன. எழுத்தின் அளவு எத்தனை பாயிண்டுக்குக் கீழே போகக் கூடாது? அச்சுத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.