கொன்சோலுக்குத் தமிழ்: முனையமா, முடிவிடமா, படலையா?

வெள்ளி, இரவு 9.40 | போதனாசிரியர், கொக்குவில்

எல்லோருக்கும் வணக்கம்.

திங்கள் காலை எட்டரைக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு. கையேடு தமிழில் முடிந்துவிட்டது, ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன். ஞாயிறு பின்னேரம் போட்டோக்கொப்பிக் கடைக்குக் கொடுத்தாக வேண்டும். கணினியோடு நேரே பேசுகிற இடத்தை ஆங்கிலத்தில் கொன்சோல் என்கிறார்களே, அதற்கு என்ன எழுதலாம்?

ஏன் இந்தச் சொல் முக்கியம் என்று சொல்கிறேன். போன கிழமை கரண்ட் நின்று வந்த பிறகு எங்கள் ஆய்வுகூடச் சேர்வர் எழும்பவில்லை. மென்பொருளால் உள்ளே ஓடும் பதினொரு கணினிகளை, அதாவது மெய்நிகர் இயந்திரங்களை, லினக்ஸின் கே.வி.எம். வசதியால் சுமக்கிற பெட்டி அது. எந்த இயங்குதளம் எழும்ப வேண்டும் என்று கேட்கிற கிரப் பட்டியல் வந்தது, அதற்குப் பிறகு திரை கறுப்பு. மூன்று பிள்ளைகள் இரண்டு மணித்தியாலம் ராமைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்கள்.

பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. தரவு இருந்த வன்தட்டு ஒன்று மட்டும் வரவில்லை. எந்தத் தட்டுகளை இணைப்பது என்று சொல்கிற எஃப்எஸ்டாப் கோப்பில் அந்தத் தட்டு கட்டாயம் என்று இருந்ததால், எல்லாவற்றையும் எழுப்பிவிடும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் பார்த்துவிட்டு அவசர நிலைக்குப் போய், நிர்வாகியின் ரூட் கடவுச்சொல்லைக் கேட்டபடி நின்றிருக்கிறது. ஆனால் திரையில் கேட்கவில்லை. இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குக் கொடுக்கும் வரியில் கொன்சோல் என்ற இடத்தில் யாரோ முன்பு வயர் கொழுவுகிற சீரியல் துறையை மட்டும் எழுதிவைத்திருந்தார்கள். மடிக்கணினியைச் சீரியல் வயரில் கொழுவி, வேகத்தை 115200 என்று வைத்து என்டரைத் தட்டினேன். கடவுச்சொல் கேட்கிற வரி வந்து நின்றது. இரண்டு மணித்தியாலமாக அது பேசிக்கொண்டுதான் இருந்தது, நாங்கள் வேறு பக்கம் காது வைத்திருந்தோம்.

எல்லாம் எழும்பிய பிறகு ஒரு பிள்ளை மெய்நிகர் இயந்திரம் ஒன்றைப் பார்க்க விர்ஷ் கொன்சோல் என்ற கட்டளையை அடித்தாள். அங்கும் வெறுமை. "சேர், திரும்பவும் அதே பிழை" என்றாள். அதே பிழை அல்ல. இது உள்ளே ஓடும் இயந்திரத்தின் சீரியல் துறை. அந்த இயந்திரத்தில் அந்தத் துறையைக் கவனிக்க எதுவும் அமைக்கப்படவில்லை, அவ்வளவுதான்.

கேர்னல் தன் முறைப்பாட்டைச் சொல்லும் இடம், பெட்டிக்கு முன்னால் இருக்கும் திரையும் விசைப்பலகையும், உள்ளே ஓடும் இயந்திரத்தை எட்டிப் பார்க்கிற வழி: மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர். அந்த மயக்கத்தையும் சேர்த்தா நாங்கள் மொழிபெயர்க்க வேண்டும்?

கணினி எழும்புவதைச் சொல்கிற பூட் என்பதற்குத் துவக்கம் என்று போட்டிருக்கிறேன். அதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

வெள்ளி, இரவு 10.25 | கோயம்புத்தூர்

வணக்கம் தோழரே. கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலுக்கு முனையம் என்ற சொல் லினக்ஸ் மேசைத்தளங்களின் தமிழாக்கத்தில் பல ஆண்டுகளாக இருக்கிறது. சில இடங்களில் கன்சோலுக்குப் பணியகம் என்றும் போட்டிருக்கிறார்கள். இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்தால் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. "முனையத்தைத் திற, மெய்நிகர் இயந்திரத்தைத் துவக்கு" என்று எழுதினால் இங்கே யாருக்கும் சந்தேகம் வராது.

சனி, காலை 5.50 | ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் துவக்கு. கோவை அன்பருக்குத் தெரிய வாய்ப்பில்லை, எங்கள் ஊரில் துவக்கு என்றால் துப்பாக்கி. இரண்டு சொல்லும் துருக்கியரின் துஃபெக் வழியாக வந்தவை. "இயந்திரத்தைத் துவக்கு" என்று இங்கே ஒரு பிள்ளையின் கையில் கொடுக்காதே. இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறு பாரம் இருக்கிறது. தொடக்கம் என்று எழுது. அதுதான் மூத்த வடிவம். பூட் என்று எழுத்துப்பெயர்த்தாலும் ஆகாது. "பெட்டி பூட் ஆகவில்லை" என்பது பூட்டுப் போடாத பெட்டி என்றே காதில் விழும்.

இன்னொன்று. வன்தட்டு அல்ல, வன்றட்டு. னகரத்தின் முன் வரும் தகரம் றகரமாகும். தொழில், நுட்பம் இரண்டும் சேர்ந்து தொழினுட்பம் ஆகும் என்று எங்கள் பாடநூல்கள் எழுதுகின்றன. அந்த ஒழுங்கை வன்றட்டில் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

இனிக் கொன்சோல். கேர்னல் முறையிடும் இடம் என்று நீயே எழுதியிருக்கிறாய். முறையீட்டகம் என்று வை. அநுராதபுரத்தில் எல்லாளன் தன் படுக்கையருகே மணி கட்டி, கயிற்றை வெளியே விட்டிருந்தான் என்று மகாவம்சமே சொல்கிறது. கன்றை இழந்த பசு அந்த மணியை அடித்தது. உன் சேர்வர் அடித்ததும் அந்த மணிதான். சீரியல் வயர்தான் கயிறு.

சனி, முற்பகல் 10.15 | மொழிபெயர்ப்பாளர், கொழும்பு

ஐயா, பசுவின் கதை மனதைத் தொட்டது. ஆனால் முறையீட்டகம் என்றதும் எனக்கு மனித உரிமை ஆணைக்குழுவின் வரவேற்பு மேசைதான் நினைவுக்கு வருகிறது. நாள் முழுக்க அரசாங்கப் படிவங்களை மொழிபெயர்க்கிறவள் நான். அகம் என்று முடிகிற சொற்களில் ஏற்கெனவே மூச்சு முட்டுகிறது.

டேர்மினலுக்கு இங்கே முடிவிடம் என்று எழுதிப் பழகிவிட்டோம். முனையம் இந்தியச் சொல். இரண்டும் கொன்சோல் அல்ல. டேர்மினல் எத்தனையும் திறக்கலாம், கொன்சோல் கேர்னல் தேர்ந்த இடம். என் கருத்து: கொன்சோல் என்றே எழுதுங்கள். மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூற்றியலான அனட்டமிக்கு அவர் நூலில் இருந்த பெயர் அங்காதிபாதம். இன்று எந்த மருத்துவ மாணவர் அதைச் சொல்கிறார்? அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அவரை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் எல்லாச் சொல்லும் நிலைப்பதில்லை.

வேர் தேடுவதிலும் அளவு வேண்டும். "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா", சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் எளிதில் புலப்படாது, என்று தொல்காப்பியர் சொல்லிவைத்தது எங்களுக்காகத்தான்.

சனி, மாலை 4.30 | நீர்வேலி

நான் இரவு வேலையில் சேர்வர் பார்க்கிறவன். ஒன்று சொல்லலாமா?

தூரத்திலிருந்து சேர்வருக்குள் நுழைகிற வழியான எஸ்.எஸ்.எச்., வீட்டுக்குள் போகிற கதவு. வலையமைப்பு இருந்தால், உள்ளே ஆள் எழும்பியிருந்தால் திறக்கும். அது திறக்காத நேரம் நாங்கள் என்ன செய்வோம்? வேலிப் படலையடியில் நின்று கூப்பிடுவோம். உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், அல்லது நாய் குரைக்கும். எதுவும் வராவிட்டாலும் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது என்று விளங்கும். கொன்சோல் அதுதான். படலை என்று வையுங்கள்.

மூன்று பொருளும் பிரியும். பெட்டியுடையது தாய்ப்படலை. சீரியல் வழியாகப் போவது சீரியல் படலை. உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு உட்படலை. போன கிழமை நடந்ததை இப்படிச் சொல்லலாம்: "ஆள் சீரியல் படலையில் நின்று கூப்பிடுகிறார், நாங்கள் தாய்ப்படலையில் காத்திருந்தோம்." கிரப்பில் ஈ விசையை அழுத்தி, அந்த வரியில் திரையையும் சேர்த்துவிட்டு, கொன்ட்ரோலும் எக்ஸும் அழுத்தினால் அந்த ஒரு முறைக்கு இரண்டு படலையிலும் குரல் வரும். இதை இப்படிச் சொன்னால் என் அம்மாவுக்கும் விளங்கும்.

சனி, இரவு 7.05 | வட்டுக்கோட்டை

தம்பி, சங்க நூல்களில் படலை என்றால் தழை விரவிய மாலை. நீ சொல்வது படல் என்பதன் வழி வந்தது, ஓலையால் கட்டிய தட்டி. படலமும் அந்தக் குடும்பம்தான் என்பது என் எண்ணம். கண்ணில் படலம் விழுந்தது என்கிறோம், உங்கள் கறுப்புத் திரைக்கு அதுவே பொருந்தும்! சங்கடப் படலையை எடுத்துக்கொண்டால் அதற்குக் கூரை உண்டு, திண்ணை உண்டு, வழிப்போக்கர் இருந்து இளைப்பாறுவார். சங்கடம் வந்த நேரம் தேடிப் போகிற இடம் என்றும் கொள்ளலாம். சொல்லின் அழகை ஒத்துக்கொள்கிறேன். கலைச்சொல்லாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சனி, இரவு 8.20 | கோயம்புத்தூர்

படலை என்றால் என்ன என்று எனக்கு நேற்றுவரை தெரியாது. இங்கே கேட் என்போம், வெளிவாசல் என்போம். ஈழத்தில் அழகாக இருக்கிற ஒரு சொல் இங்கே அடிக்குறிப்புக் கேட்கும். நாம் இரண்டு தமிழ்க் கணினி உலகம் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். இந்தக் குழுவைத் தொடங்கியதே அதை நிறுத்தத்தானே?

சனி, இரவு 9.00 | கொழும்பு

முனையம் என்று எழுதியபோது எங்கள் பிள்ளைகளுக்கும் அடிக்குறிப்புத் தேவைப்பட்டது. அப்போது யாரும் வருத்தப்படவில்லை. சரி, படலைக்கு என் வாக்கு. ஆனால் தாய்ப்படலை வேண்டாம், வெறும் படலை போதும்.

ஞாயிறு, பிற்பகல் 2.10 | கொக்குவில்

எல்லோருக்கும் நன்றி. கடை நான்கு மணிக்குப் பூட்டுகிறார்கள், அதனால் இப்படிப் போட்டுவிட்டேன்.

பூட் என்பதற்குத் தொடக்கம். டேர்மினலுக்கு முடிவிடம், முதல் இடத்தில் மட்டும் "முனையம் என்றும் சொல்வர்" என்று ஒரு வரி. கொன்சோல் என்பது கட்டளையில் வருகிற இடமெல்லாம் கொன்சோலாகவே இருக்கிறது, பிள்ளை விசைப்பலகையில் அடிக்க வேண்டியது அதைத்தானே. விளக்கத்தில் படலை, சீரியல் படலை, உட்படலை. உட்படலையிலிருந்து வெளியேற கொன்ட்ரோலும் வலது சதுர அடைப்பும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். போன முறை நான்கு பேர் உள்ளே மாட்டிக்கொண்டு சாளரத்தையே மூடினார்கள்.

தட்டு வராவிட்டாலும் தொடக்கம் நிற்காமல் இருக்க எஃப்எஸ்டாப்பில் நோஃபெயில் சேர்ப்பது ஒன்பதாம் பக்கத்தில். ஐயா, அங்கே வன்றட்டு என்று திருத்திவிட்டேன்.

ஞாயிறு, மாலை 6.35 | வட்டுக்கோட்டை

வன்றட்டுக்கு மகிழ்ச்சி. படலைக்கு என் மறுப்பைப் பதிந்து வை. அடுத்த பதிப்புக்கு முன் முறையீட்டகத்தைப் பற்றி விரிவாக எழுதுவேன். நாளை வகுப்பில் எந்தச் சொல்லைப் பிள்ளைகள் வாயால் சொன்னார்கள் என்று கட்டாயம் எழுது.