மணியாச்சியில் ஆஷைச் சுட்டது ஆத்திரமா, அவசியமா?

பொதிகைக்காற்று:
ஜூன் 17 வந்தால் வருஷாவருஷம் இதே பேச்சு. 1911இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதை வீரம் என்கிறோம். வீரம்தான், தன் உயிரையும் அங்கேயே விட்டாரே. அதனால் என்ன கிடைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

கரிசல்காரன்:
கேட்பதை 1908இலிருந்து கேளுங்கள் அண்ணாச்சி. வ.உ.சி. துப்பாக்கியா தூக்கினார்? கப்பல் விட்டார், மேடையில் பேசினார். அதற்கு இரட்டை ஆயுள் தண்டனை, 40 வருஷம். அவர் கைதானதும் நெல்லையில் கொதித்த கூட்டத்தைச் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். பேசினவருக்கே செக்கு என்றால், செங்கோட்டை இளைஞன் வாஞ்சிக்கு என்ன புத்தி சொல்லியிருப்பீர்கள்?

பொதிகைக்காற்று:
கோரல் மில்லைச் சொல்லியிருப்பேன். அதே 1908, தூத்துக்குடி. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பேசப் பேச, தொழிலாளிகள் மில்லுக்குப் போகாமல் நின்றார்கள். சில நாளிலேயே வெள்ளைக்கார நிர்வாகம் கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் இறங்கி வந்தது. ஆட்சி மிரண்டது இதைப் பார்த்துத்தான். நெல்லையில் முனிசிபல் ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் எரிந்ததும் சுடுவதற்கு அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிட்டது.

மணிமுத்தாறு:
வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதத்தை ரெண்டு பேருமே விட்டுவிட்டீர்கள். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இந்தியா வந்து இறங்கியதும் கொல்ல 3,000 மதராசிகள் சபதம் எடுத்திருப்பதாக அதில் இருக்கிறது. அந்த டிசம்பரிலேயே ஜார்ஜ் டில்லியில் தர்பார் நடத்திவிட்டுச் சவுகரியமாக ஊர் திரும்பினார். மூவாயிரம் பேர் எங்கே? 14 பேர் மீது வழக்கு வந்ததும், புதுச்சேரியில் பாரதிக்கும் வ.வே.சு. ஐயருக்கும் ஒற்றர் தொல்லை கூடியதும்தான் மிச்சம். (அதே கடிதத்தில் சனாதன தர்மம் பேசும் வரிகளும் உண்டு. அதற்குத் தனி இழையே வேண்டும், இங்கே இழுக்காதீர்கள்.)

கரிசல்காரன்:
லாப நஷ்டக் கணக்கு நன்றாகத்தான் போடுகிறீர்கள். சரி, அதே கணக்கில் இதையும் எழுதுங்கள்: கோரல் மில் ஜெயித்த ஒரு வாரத்துக்குள் வ.உ.சி.யை உள்ளே தள்ளிவிட்டார்கள். உங்கள் நிதானம் அதைத் தடுத்ததா?

பொதிகைக்காற்று:
தடுக்கவில்லை. மணியாச்சிக் குண்டும் சிறைக்கதவைத் திறக்கவில்லையே தம்பி. மேல்முறையீட்டில்தான் தண்டனை குறைந்தது, 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

கரிசல்காரன்:
குறைத்தும் நாலரை வருஷம் அண்ணாச்சி. மேடையில் பேசினதுக்கு.