-த்லோ விகுதி: ஒரு சொல்லில் மட்டும் 'த்' விழவில்லை, அவசரம்

கத்துக்குட்டி: நாளை வகுப்பில் பேச வேண்டும். ரஷ்யன், செக், போலிஷ் முதலியவற்றின் தாய்மொழியான தொல் ஸ்லாவியத்தில் கருவிப் பெயர் ஆக்கும் -த்லோ விகுதிதான் தலைப்பு. விதிப்படி 'ல்'லுக்கு முன் 'த்' விழ வேண்டும், ஒரு சொல்லில் மட்டும் அப்படியே நிற்கிறது. ஏன்? மண்டை காய்கிறது.

நிலவன்: எந்த மொழி? செக்கிலும் போலிஷிலும் அது விழவே விழாதே.

வடகாற்று: எந்தச் சொல் என்றும் சொல்லுங்கள் ஐயா.

ஏட்டுச்சுவடி: கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது தம்பி. சோப்பு செக்கில் மீத்லோ, ரஷ்யனில் மிலோ. குத்தூசி அங்கே ஷீத்லோ, இங்கே ஷிலோ. செக், போலிஷ் போன்ற மேற்கு ஸ்லாவிய மொழிகள் 'த்'தை வைத்துக்கொண்டன, ரஷ்யன் போன்ற கிழக்கு மொழிகளும் பல்கேரியன் போன்ற தெற்கு மொழிகளும் பெரும்பாலும் விட்டுவிட்டன. இது அரிச்சுவடி. ரஷ்யனில் 'த்லோ' கண்டால் போலிஷ் கடன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பழக்கூழைக் குறிக்கும் பவித்லோ அப்படி வந்ததுதான்.

தேன்மொழி_88: மீத்லோவா, மீட்லோவா? டென்மார்க் என்றுதானே எழுதுகிறோம்?

நிலவன்: ஆங்கிலத்தில் நாக்கு ஈறில் படும், அதனால் 'ட'. ரஷ்யன், போலிஷ் போன்ற ஸ்லாவிய மொழிகளில் பல்லிலேயே படும், 'பந்து' என்பதில் வரும் த மாதிரி.

தேன்மொழி_88: 'த்' போட்டால் 'பத்து' மாதிரி வல்லொலியாகத்தானே படிப்பார்கள்?

கத்துக்குட்டி: மன்னிக்கவும், ரஷ்யன்தான், வேறென்ன. சேணத்துக்கு 'செத்லோ'.

ஏட்டுச்சுவடி: சொன்னேனே, போலிஷ் கடன்.

வடகாற்று: இல்லை. செர்பியன், பல்கேரியன், ஸ்லோவீனியன் எல்லாவற்றிலும் சேணத்தில் அந்த 'த்' இருக்கிறது. பல்கேரியா வரை போலிஷ்காரர் சேணம் விற்கப் போனாரா? இதில் -த்லோ விகுதியே கிடையாது. 'உட்கார்' என்னும் பொருளுள்ள வேர் செத்-. அதற்கும் 'லோ'வுக்கும் நடுவே நம் குற்றியலுகரம் மாதிரி ஒரு தேய்ந்த உயிர் இருந்தது. விதி வந்தபோது 'த்'தும் 'ல்'லும் ஒட்டியிருக்கவில்லை. அந்த உயிர் விழுந்தபோது விதி காலாவதி. ஆறாம் வேற்றுமைப் பன்மையில் 'ஸ்யோதெல்' என்று இன்றும் எட்டிப் பார்க்கிறது. துடைப்பம், அதாவது 'மெத்லா', அதே கதை.

ஏட்டுச்சுவடி: சாய்வு நாற்காலி 'கிரெஸ்லோ'வுக்கும் பன்மையில் 'கிரேசெல்' வரும். அங்கே பழைய உயிர் எது? பின்னால் செருகியதுதானே?

வடகாற்று: சரி, அந்தச் சான்று பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். பல்கேரியச் சேணத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஏட்டுச்சுவடி: நேரம் கிடைக்கும்போது சொல்கிறேன்.

தேன்மொழி_88: எனக்கும் யாரும் பதில் சொல்லவில்லை.

கத்துக்குட்டி: பேசி முடித்தேன். துடைப்பம் கைகொடுத்தது. நன்றி.

தேன்மொழி_88: பலகையில் 'மெத்லா' என்றா எழுதினீர்கள், 'மெட்லா' என்றா?