சோழர் கால நாவல்: பெயர்க் குழப்பம் இல்லாமல் ருசித்துப் படிப்பது எப்படி?

புதுப்புனல் கேட்டது:

பொன்னியின் செல்வன் முதல் பாகம் பாதி தாண்டியாச்சு. கதை இழுக்கிறது, ஆனால் ஆட்கள்தான் பிடிபடவில்லை. ஒரே மனிதருக்கு நாலு பெயர், ஒரே பெயர் மூன்று தலைமுறைக்கு. "இரண்டாம் ஜாமம்", "பத்து நாழிகை" என்று வரும்போது அது மாலையா நள்ளிரவா என்பதும் தெரியவில்லை.

சந்தேகங்கள் இவை:
– பெயர்களைக் கையாள எளிய வழி உண்டா?
– சோழர் வரலாற்றை முதலில் படித்துவிட்டு நாவலுக்கு வரலாமா, பிறகு படிப்பதா?
– இந்தக் காதல் கதைகளில் எவ்வளவு நிஜம்? அத்தனையும் கற்பனை என்றால் படிக்கிற சுவை குறையாதா?
– இதை முடித்த பிறகு எதை எடுக்கலாம்?

---

கல்லெழுத்து:

பெயர்ச் சிக்கலுக்கு அரைப் பக்கம் போதும். புத்தகத்தின் முதல் தாளில் பென்சிலால் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாம் பராந்தகனின் மகன்களில் கதைக்குத் தேவையானவர்கள் மூவர்: ராஜாதித்தன், கண்டராதித்தன், அரிஞ்சயன். மூத்தவர் 949இல் தக்கோலப் போரில் யானை மேலேயே இறந்தார். கண்டராதித்தன், செம்பியன் மாதேவி தம்பதிக்குப் பிள்ளை மதுராந்தகன், பின்னாளில் உத்தம சோழன். அரிஞ்சயனின் பிள்ளை சுந்தர சோழன். சுந்தர சோழனின் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி (பின்னாளில் ராஜராஜன்). கண்டராதித்தன் மறைந்தபோது அவர் பிள்ளை சிறுவன். அதனால் பட்டம் தம்பி வழிக்குப் போனது. நாவலின் அரசியல் முழுக்க இந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. "மதுராந்தகனுக்குத்தானே உரிமை?" என்று நள்ளிரவுக் கூட்டத்தில் பேசுகிறவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பது புரிந்தால் சதிக் காட்சிகளுக்கு எடை கூடும்.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால்தான் பெயர்கள் திரும்ப வருகின்றன. சுந்தர சோழனே இரண்டாம் பராந்தகன். ராஜராஜனின் அக்காளும் குந்தவை, மகளும் குந்தவை. வேறு நாவலில் வேங்கி நாட்டுக்கு மருமகளாகப் போகும் குந்தவை வந்தால் அவர் அந்த மகள். "கரிகாலன்" என்றால் கல்லணை கட்டிய சங்க காலத்தவரா, ஆதித்த கரிகாலனா என்பதை வரியின் சூழலில் பார்க்க வேண்டும். அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டவை பட்டங்கள், ஆட்பெயர் அல்ல.

பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "இளைய பிராட்டி" என்றால் குந்தவை. "இளைய ராணி" என்றால் பழுவூர் நந்தினி. வேகமாகப் படிக்கும்போது இரண்டும் கலந்துவிடும், அப்புறம் யார் ஓலை யாருக்குப் போகிறது என்பதே தலைகீழாகிவிடும். பழுவேட்டரையரும் இருவர்: பெரியவர் தனாதிகாரி (கருவூலப் பொறுப்பாளர்), சின்னவர் காலாந்தக கண்டர், தஞ்சைக் கோட்டைத் தளபதி. வெறுமனே "கோட்டைத் தளபதி" என்று வந்தால் சின்னவர்.

நாழிகைக் கணக்கு: 1 நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஜாமம் ஏழரை நாழிகை, அதாவது 3 மணி நேரம். இரவை மாலை 6 மணியிலிருந்து எண்ணுங்கள். இரண்டாம் ஜாமம் 9 முதல் 12 வரை, மூன்றாம் ஜாமம் 12 முதல் 3 வரை. அஸ்தமித்துப் பத்து நாழிகை என்றால் இரவு 10 மணி. காதம் என்ற தூர அளவைக் கிலோமீட்டராக மாற்ற முயல வேண்டாம். அதன் அளவு நூலுக்கு நூல் மாறும்.

ஊர்களுக்குப் பெரிய வரைபடம் தேவையில்லை, ஆறுகளை வடக்கிலிருந்து வரிசையாக மனத்தில் போட்டால் போதும்: பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரி. காஞ்சியிலிருந்து தஞ்சைக்கு வருகிற எவனும் இந்த வரிசையில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். வீரநாராயண ஏரி இன்றைய வீராணம், அது கொள்ளிடத்துக்கு வடக்கே. குடந்தை கும்பகோணம், பழையாறை அதன் பக்கத்திலேயே. மாதோட்டம் இலங்கையில் மன்னார்ப் பக்கம், தம்பள்ளை இன்றைய தம்புள்ளை. வேறு நாவல்களில் வரும் வாதாபி கர்நாடகத்துப் பாதாமி, தகடூர் தருமபுரி.

கொடியையும் கவனியுங்கள். பெயர் சொல்லாமல் கொடியை மட்டும் காட்டி அத்தியாயத்தை முடிப்பது இந்த வகை எழுத்தில் பழைய உத்தி. சோழர் புலி, பாண்டியர் மீன், சேரர் வில், பல்லவர் இடபம், சளுக்கியர் வராகம்.

---

வாரத்தொடர்:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனா சலிப்பு வர்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு: படிக்கிற வேகம்.

இது 1950லேர்ந்து 1954 வரைக்கும் கல்கி இதழ்ல வாரா வாரம் வந்த தொடர். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கியில முடியும். போன வாரம் என்ன நடந்துச்சுன்னு மறந்த வாசகருக்காக நடுநடுவே நினைவூட்டல் வரும். ஒரே ராத்திரியில நாற்பது அத்தியாயம் படிச்சா அந்தக் கொக்கி வேலை செய்யாது, நினைவூட்டல் கூறியது கூறலாத் தெரியும். உட்கார்ந்தா நாலஞ்சு அத்தியாயம், அதுக்கு மேல வேண்டாம். மொத்தம் 293 அத்தியாயம். நாளைக்கு அஞ்சுன்னா ரெண்டு மாசம்.

அந்த 293 ஏன் முக்கியம்னா, பதிப்பைச் சரிபார்க்க அதுதான் கைவிளக்கு. கல்கியோட எழுத்து நாட்டுடைமை ஆனதால யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். சுருக்கிப் போட்ட பதிப்புகளும் முழுசு மாதிரியே அட்டையோட நிக்கும். பொருளடக்கத்தைத் திறந்து எண்ணுங்க: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலைவாள் 46, மணிமகுடம் 46, தியாக சிகரம் 91. கடைசிப் பாகம் மத்ததைவிடக் கிட்டத்தட்ட இரட்டிப்பா இல்லேன்னா ஏதோ வெட்டியிருக்காங்க. இறுதியில ஆசிரியரோட முடிவுரையும் இருக்கணும். கதை சட்டுனு நின்னுடுச்சுன்னு குறைப்பட்ட வாசகர்களுக்கு அதுலதான் பதில் சொல்றார், பாத்திரங்களோட பின்கதையும் அங்கதான் இருக்கு.

மின்னூல்ல படிக்கிறவங்களுக்கு ஒண்ணு. எழுத்துணரி (OCR) வச்சு மாத்தின கோப்புகள்ல துணைக்கால் "ா", "ர" ரெண்டும் இடம் மாறிக் கிடக்கும். வசனத்தோட மேற்கோள் குறி காணாமப் போனா யார் பேசுறாங்கன்னே தெரியாது. ஆழ்வார்க்கடியானும் வந்தியத்தேவனும் வாய்ச்சண்டை போடுற அத்தியாயம் ஒண்ணை முதல்ல படிச்சுப் பாருங்க. அது சரியா இருந்தா மத்ததும் சரியா இருக்கும்.

---

அகம்புறம்:

காதலைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் முழுச் சுவையும் இருப்பதாகத் தோன்றுகிறது.

காதலைப் பாடும் அகத்திணையில் காதலர்களின் பெயரைச் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, பாங்கன் (தலைவனின் தோழன்), அவ்வளவுதான். பெயரும் ஊரும் வெற்றியும், போரையும் புகழையும் பாடும் புறத்துக்கு உரியவை. கல்வெட்டுகளும் அப்படியே: யார் எந்த நாட்டை வென்றார், எந்தக் கோயிலுக்கு எத்தனை ஆடு விட்டார் என்று சொல்லும், யார் யாரை எப்படி விரும்பினார் என்று சொல்லாது. சரித்திர நாவலாசிரியர் புறத்தின் பெயர்களை எடுத்து அவற்றுக்குள் அகத்தை ஊற்றுகிறார். தலைவனுக்கு வந்தியத்தேவன் என்று பெயர் வைக்கிறார். தோழியின் இடத்தில் வானதி, தூதுக்கு ஓலை, மடலேறுவதற்கு (பனைமடல் குதிரையில் ஏறிக் காதலை ஊரறியச் சொல்வதற்கு)ப் பதில் கோட்டைச் சுவர் ஏறுதல். ஊடலும் பொய்க்கோபமும் அப்படியே வந்துவிடுகின்றன.

நிஜம் எவ்வளவு என்றால், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை "வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்" என்று குறிக்கப்படுகிறார். அந்த இணைப்புக்கு ஆதாரமாக நிற்பது இதுதான். எங்கே சந்தித்தார்கள், யார் முதலில் பேசினார்கள், அரசகுமாரி ஏன் நாடிழந்த வாணர் குலத்தவனைத் தேர்ந்தாள் என்பதற்குக் கல்லில் விடை கிடையாது. குடந்தை சோதிடர் வீடும் அரிசிலாற்றங்கரையும் அந்த வெற்றிடத்தில் முளைத்தவை. கற்பனை என்று தெரிந்தால் சுவை குறையுமா என்று கேட்டீர்கள். எனக்கு அது நேர்மாறு. மூன்று சொல்லிலிருந்து ஐந்து பாகம் நீளும் காதலை ஒருவர் நூற்றிருக்கிறார் என்று தெரியும்போதுதான் அந்த நூலின் நயம் கண்ணில் படுகிறது.

ஆகவே பாத்திரங்களை மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். கல்வெட்டிலோ செப்பேட்டிலோ உள்ளவர்கள்: சுந்தர சோழன், செம்பியன் மாதேவி, பழுவேட்டரையர், அன்பில் அநிருத்தர். பெயர் மட்டும் கிடைத்து குணம் முழுக்க ஆசிரியர் தந்தவர்கள்: வந்தியத்தேவன், ரவிதாசன். முழுக் கற்பனை: நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், ஊமை ராணி. மூன்றாம் வகையினர்தான் கதையை ஓட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நிஜமாக இருந்தவர்களின் முடிவு வரலாற்றில் எழுதியாகிவிட்டது. ராஜராஜன் அரசனாவான் என்பது எல்லாருக்கும் தெரியும். பூங்குழலி என்ன ஆவாள் என்பது யாருக்கும் தெரியாது. பதைப்பை வைக்க அவளிடம்தான் இடம் இருக்கிறது.

காலப்பிழைகளையும் தேடலாம், அதுவும் ஒரு விளையாட்டு. நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் நாவலில் சுந்தர சோழன் காலத்திலேயே நிற்கிறது. ஆனைமங்கலச் செப்பேடு அதற்கு நிலம் கொடுத்ததைச் சொல்வது ராஜராஜனின் 21ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006இல். புயல் காட்சிக்கு அந்தக் கட்டடம் வேண்டியிருந்தது, கொண்டுவந்துவிட்டார். எழுதியது நாவல்தானே!

---

புதுப்புனல்:

இளைய பிராட்டி, இளைய ராணி குழப்பம் அப்படியே இங்கேயும். இப்போதுதான் ஓலை விவகாரம் நேராகிறது. நன்றி. வரலாறு முன்பா பின்பா என்பதற்கும் அடுத்த புத்தகத்துக்கும் யாராவது சொன்னால் நல்லது.

---

கல்லெழுத்து:

பின்பு. முன்னால் படித்தால் நாவலின் மைய முடிச்சு உங்களுக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

(கடைசிப் பாகத்தை முடிக்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.)

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் சொத்தைப் பறிமுதல் செய்கிறது. அது ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. இடையே உத்தம சோழன் ஏறத்தாழ 15 ஆண்டு ஆண்டிருக்கிறார். அத்தனை காலம் ஏன் நடவடிக்கை தெரியவில்லை? இதை வைத்து உத்தமனைச் சந்தேகித்த வரலாற்றாசிரியர்களும் உண்டு, அதை மறுத்தவர்களும் உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பன் (உத்தமன்) ஆசைப்பட்டதால் அருள்மொழி நாட்டை விட்டுக்கொடுத்தான் என்கிறது. இந்த இரண்டு ஆவணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தியாக சிகரத்தை இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். கொலைக் காட்சியை ஆசிரியர் ஏன் இருட்டிலேயே விட்டார் என்பது விளங்கும்.

தமிழில் வரலாறு வேண்டுமென்றால் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம். நடை எளிது, ஆதாரம் ஒவ்வொரு வரிக்கும் உண்டு.

---

வாரத்தொடர்:

நான் இதுல பாதிதான் ஒத்துப்போவேன். பொன்னியின் செல்வனுக்கு வரலாறு பின்னாடி, சரி. சாண்டில்யனோட கடல் புறாவுக்குக் கொஞ்சம் முன்னாடியே வேணும். முதலாம் குலோத்துங்கன் தாய் வழியில சோழன், தந்தை வழியில வேங்கியை ஆண்ட கீழைச் சளுக்கியன்னு தெரியாம உள்ளே போனா, வேங்கி இளவரசனுக்குச் சோழ நாட்டுல என்ன வேலைன்னு கடைசி வரைக்கும் உறுத்தும். கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணியில வர்ற அதே தளபதி. இதைத் தெரிஞ்சுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

சாண்டில்யனைக் கல்கி மாதிரி படிக்க முடியாது. கல்கி பேச்சுல காதலைக் கொண்டுவருவார், நகைச்சுவை கூடவே ஓடும். சாண்டில்யன் வர்ணனையில கொண்டுவருவார், சிருங்காரம் தூக்கல், ஒரு பார்வைக்கே ஒரு பக்கம். திரும்பத் திரும்ப வர்ற அங்க வர்ணனையைத் தாண்டலாம், குற்றமில்லை. ஆனா ஒரு இடம் முதல் தடவை வரும்போது இருக்கிற வர்ணனையைத் தாண்டாதீங்க. கப்பல்ல பாய் எங்கே, படிக்கட்டு எங்கே, கோட்டைக்கு எந்தப் பக்கம் மலைன்னு அங்கதான் சொல்லியிருப்பார். பின்னால சண்டை வரும்போது அதை வச்சுத்தான் உத்தி இருக்கும். அதைத் தாண்டினவங்கதான் "இவன் எப்படி அங்கே வந்தான்?"னு கேட்பாங்க.

---

அகம்புறம்:

அடுத்த புத்தகத்துக்கு என் வரிசை வேறு. பொன்னியின் செல்வன் முடிந்ததும் கல்கியின் சிவகாமியின் சபதம். அங்கே சில மாதக் கதை, இங்கே பல ஆண்டுக் கதை: காஞ்சி முற்றுகையிலிருந்து 642இல் வாதாபி விழும் வரை. காதலின் தன்மையே மாறிவிடுகிறது. மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், புலிகேசி, பரஞ்சோதி எல்லாரும் வரலாற்றில் உள்ளவர்கள், சிவகாமி கற்பனை. அதனாலேயே அவளுக்கு என்ன நேர்ந்தாலும் வரலாறு அவளைக் காப்பாற்ற வராது. காத்திருத்தல் நீளும் இடங்களில் பொறுமை வேண்டும், குறிப்பாக மூன்றாம் பாகத்தில்.

அதற்குப் பிறகு ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்துக்கு அகிலனின் வேங்கையின் மைந்தன். 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வேகம் குறைவு, அரசியல் நிதானம் கூடுதல். கடல் புறாவை அதற்கும் பிறகு வையுங்கள். ராஜேந்திரனின் மகள் அம்மங்கைதான் குலோத்துங்கனின் தாய் என்பதால், வாரத்தொடர் சொன்ன அந்த ஐந்து நிமிஷமும் மிச்சம்.